இந்தக் கந்த சஷ்டிக்குக் கொல்லையில் ஒரு பழ மரம்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

ஐப்பசி பிறந்தாச்சு. அமாவாசை கழிந்த பிரதமையில் கந்த சஷ்டி விரதம் ஆரம்பம். "அண்ணா, மிளகு விரதம் இருக்கலாமா?", "இளநீர் மட்டும் குடிச்சு இருக்கலாமா?", "வேலைக்குப் போய்க்கிட்டே விரதம் இருக்க முடியுமா?" என்று தினமும் கேட்கிறீங்க. உங்க உடம்பு எதைத் தாங்குமோ அதைச் செய்யுங்க. முருகன் வயித்தைப் பார்த்து மார்க் போடுறவன் இல்லை.

இந்த வருஷம் விரதத்தோட சேர்த்து இன்னொரு வேலையும் செய்யச் சொல்லி உங்ககிட்ட கேட்கப் போறேன். இந்த ஆறு நாளைக்குள்ள உங்க வீட்டுக் கொல்லையில ஒரு பழ மரக் கன்று நடுங்க. அதில் முதல்ல காய்க்கிற பழத்தை, உங்க வீட்டோட பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்தருக்குக் கொடுப்பேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டு நடுங்க.

கன்று நடுறதுகூடச் சரி, பேசாத ஆளுக்கு ஏன் பழம் கொடுக்கணும்னு தோணும். சொல்றேன், பொறுமையா படிங்க.

நம்ம முருகன் கதையில மூணு இடத்தில் பழமும் மரமும் வருது. கவனிச்சிருக்கீங்களா?

முதல் இடம், கயிலாயம். நாரதர் ஒரு ஞானப்பழம் கொண்டு வர்றார். அது மாம்பழம்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அதை வெட்டிப் பங்கு போடக்கூடாது, ஒருத்தர்தான் சாப்பிடணும். உலகத்தை முதல்ல சுத்தி வர்றவருக்குப் பழம்னு போட்டி வெச்சாங்க. மயிலேறி முருகன் உலகத்தைச் சுத்தப் போனான். பிள்ளையார் அம்மையப்பனைச் சுத்தி வந்து பழத்தை வாங்கிக்கிட்டார். திரும்பி வந்த முருகன் கோவிச்சுக்கிட்டு, எல்லாத்தையும் துறந்து ஆண்டிக் கோலத்தில் மலை மேல போய் நின்னான். "பழம் நீயே" என்று சமாதானம் சொன்னதால அந்த ஊருக்குப் பழனின்னு பேர் வந்ததாச் சொல்வாங்க.

எல்லாம் இறைவன் திருவிளையாடல்தான். ஆனா அந்த விளையாட்டு நமக்கு ஒண்ணைக் காட்டுது. ஒரே ஒரு பழம், அதையும் வெட்டக்கூடாதுன்னா, தெய்வக் குடும்பத்திலயே ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போயிடுது. நம்ம வீடெல்லாம் எம்மாத்திரம்?

இப்ப பழனிக்குப் போனா கையில என்ன பிரசாதம் வாங்கிட்டு வர்றோம்? பஞ்சாமிர்தம். விருப்பாட்சி, சிறுமலைப் பக்கத்து மலை வாழைப்பழத்தைப் பிசைஞ்சு, நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் சேர்த்துச் செய்றது. 2019-ல புவிசார் குறியீடு கூட வாங்கியிருக்கு. அதுல எந்தப் பழம் யாரு பங்குன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. கரண்டியில எடுத்து எல்லார் கையிலயும் கொடுக்கிறாங்க. வெட்டக்கூடாத பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு வந்து நின்னவன் சந்நிதியில, பழத்தைப் பிசைஞ்சு ஊருக்கே பங்கு வைக்கிறாங்க. அடுத்த தடவை பஞ்சாமிர்தம் சாப்பிடும்போது இதை நினைச்சுப் பாருங்க.

இரண்டாவது இடம், திருச்செந்தூர்க் கடல். சஷ்டி ஆறாம் நாள் சூரசம்ஹாரம். படையெல்லாம் போன பிறகு சூரபத்மன் கடைசியா ஒரு மாமரமா மாறிக் கடல் நடுவுல நிக்கிறான். அதுவும் மாமரம்தான். ஆனா அந்த மரம் யாருக்கும் நிழல் தரல, பழம் தரல. "நான் விழமாட்டேன்"னு நின்ன மரம் அது. வேல் அதை இரண்டாப் பிளந்துச்சு. ஒரு பாதி மயிலாச்சு, மறுபாதி சேவலாச்சு. முருகன் அவனை அழிக்கல. ஒண்ணை வாகனமா வெச்சுக்கிட்டான், இன்னொண்ணைக் கொடியில வெச்சுக்கிட்டான்.

மூணாவது இடம், மதுரைப் பக்கம் அழகர்மலை மேல இருக்கிற பழமுதிர்சோலை. ஆறாவது படைவீடு. நடந்து களைச்சுப் போன ஔவைப் பாட்டி நாவல் மர நிழல்ல வந்து நிக்கிறாங்க. கிளை மேல ஒரு மாடு மேய்க்கிற பையன். சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமான்னு கேட்கிறான். பழம் எப்படிச் சுடும்னு பாட்டிக்குப் புரியல. உதிர்ந்த பழத்துல ஒட்டின மண்ணை ஊதினப்பதான், சூடான பழத்தை ஊதுற மாதிரி ஊதுறோம்னு புரிஞ்சுது. நாவல் மரம் பொதுவா ஆனி, ஆடியில பழுக்கும். ஆனா சோலைமலையில இருக்கிற அந்த மரம் ஐப்பசியில, சஷ்டியை ஒட்டிப் பழுக்கும்னு சொல்றது வழக்கம்.

இந்தக் கதையில ஔவையோட தமிழைப் பத்திப் பேசுவோம், முருகனோட விளையாட்டைப் பத்திப் பேசுவோம். அந்த மரத்தை யாரு நட்டதுன்னு யாரும் கேட்டதில்லை. ஒரு பறவை பழத்தைத் தின்னுட்டுக் கொட்டையைப் போட்டுட்டுப் போயிருக்கும். ஏதோ ஒரு மழைக்காலத்துல முளைச்சிருக்கும். என்னைக்கோ முளைச்ச அந்த மரத்தடிக்கு, களைச்சுப் போன ஒரு கிழவி வந்தாங்க. அவங்களைத் தேடி முருகனும் வந்தான்.

சண்டையை உண்டாக்கின பழம் ஒண்ணு. வீம்புக்கு நின்ன மரம் ஒண்ணு. களைச்சவங்களுக்கு நிழலும் பழமும் தந்த மரம் ஒண்ணு. நம்ம வீட்டுக் கொல்லையில இதுல எது இருக்குன்னு நாமளே பார்த்துக்கணும்.

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். பழனி போற ரோட்டுல ஒரு கிராமம் எங்களுக்கு. அப்பத்தா வெச்ச ஒரு மாமரம் கொல்லையில இருந்துச்சு. பாதயாத்திரை போறவங்க அந்த நிழல்ல உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டுப் போவாங்க. அப்பத்தா போன பிறகு எங்க அப்பாவும் சித்தப்பாவும் வீட்டைப் பாகம் பிரிச்சாங்க. அளந்து பார்த்தா அடிமரம் எங்க பக்கம், கிளை முக்கால்வாசி சித்தப்பா பக்கம். காய் யாருக்குன்னு முதல்ல பேச்சு வந்துச்சு. அப்புறம் விழுற சருகை யாரு கூட்டுறதுன்னு வந்துச்சு. அப்புறம் பேச்சே நின்னு போச்சு. 2014-ல இரண்டு பேரும் வேற வேற ஆள் மூலமாப் பேசி, மரத்தை வெட்டிக் காசைச் சமமாப் பிரிச்சுக்கிட்டாங்க. நான் அப்போ திருப்பூர்ல வேலையில இருந்தேன். அடுத்த லீவுக்கு வந்தப்ப மரம் இருந்த இடத்துல சுவர் இருந்துச்சு. சித்தப்பா மக கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்குப் பத்திரிகை வரல.

இப்படி ஒரு சுவர் இல்லாத குடும்பம் எத்தனை இருக்கு சொல்லுங்க? உங்க வீட்டுலயும் இருக்கும். பெரியப்பா, அத்தை, மாமா, பக்கத்து வீடுன்னு ஒரு பேர் சொன்னாலே முகம் மாறும். பெரியவங்க ஆரம்பிச்ச சண்டை, ஏன்னே தெரியாம நாமளும் தூக்கிச் சுமந்துக்கிட்டு இருப்போம்.

2021 சஷ்டிக்கு நான் ஊர்ல இருந்தேன். அந்த வருஷம் மழை வெளுத்து வாங்குச்சு. ஆயக்குடிப் பக்கம் ஒரு நர்சரியில லக்னோ-49 கொய்யாப் பதியன் ஒண்ணு வாங்கிட்டு வந்து, சுவரிலிருந்து பத்தடி தள்ளி நட்டேன். "இன்னொரு மரமா? இதுக்கு எவன்கூடச் சண்டை போடணும்?"னு அப்பா கேட்டார். ஆனா நான் திருப்பூருக்குத் திரும்பின பிறகு தண்ணி ஊத்தினது அவர்தான். மூணாவது வருஷம் நல்லாக் காய்ச்சுது. முதல் பழத்தை அணில் கொண்டு போயிடுச்சு. அடுத்து நாலு பழம் பழுத்தப்ப, அப்பா யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம ஒரு கிண்ணத்துல வெச்சுச் சுவர் மேல வெச்சுட்டு உள்ளே வந்துட்டார். அன்னைக்கு முழுக்கக் கிண்ணம் அங்கேயே இருந்துச்சு. மறுநாள் காலையில காணோம். மூணு நாள் கழிச்சு அதே கிண்ணம் சுவர் மேல திரும்பி வந்துச்சு. உள்ளே சித்தி போட்ட எலுமிச்சங்காய் ஊறுகாய்.

இன்னைக்கு வரைக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா கிண்ணம் போகுது, வருது. போன கார்த்திகைக்குச் சுவர் மேல எங்க பக்கம் இரண்டு விளக்கு, அவங்க பக்கம் இரண்டு விளக்கு. மீதியை முருகன் பார்த்துக்குவான்.

சூரனையே மயிலாக்கினவனுக்குச் சித்தப்பாவை மறுபடி சித்தப்பா ஆக்குறது பெரிய வேலையா?

சரி, ஏன் இந்த மாசம்? பாடப் புத்தகத்துல இதை இலையுதிர் காலம்னு படிச்சிருப்பீங்க. அது குளிர் நாடுகளோட கணக்கு. நம்ம தமிழ்க் கணக்குல ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்துல கிடைக்கிற மழையில கிட்டத்தட்டப் பாதி, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்ள வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்குது. வெயில் தணிஞ்சிருக்கும், மண்ணுல ஈரம் இருக்கும், ஆனா சூடும் முழுசாப் போயிருக்காது. இப்ப நட்டா பங்குனி, சித்திரை வெயில் வர்றதுக்குள்ள வேருக்கு நாலஞ்சு மாசம் கிடைக்கும். சஷ்டி விரதம் மழைக்காலத்துல வர்றதை அப்படியே பயன்படுத்திக்குவோம். ஆறு நாளுக்கு ஆறு வேலை.

முதல் நாள், இடம் பாருங்க. நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படணும். வீட்டுச் சுவர், செப்டிக் டேங்க் இரண்டிலிருந்தும் பத்தடியாவது தள்ளி இருக்கணும். மா, பலா, நாவல் மாதிரிப் பெரிய மரம்னா இன்னும் தள்ளணும். தலைக்கு மேல கரண்ட் கம்பி போகுதான்னு அண்ணாந்து பாருங்க. கொல்லை சின்னதுன்னா கொய்யா, எலுமிச்சை, மாதுளை, சீத்தா போதும்.

இரண்டாம் நாள், குழி. கொய்யா, எலுமிச்சைக்கு நீளம், அகலம், ஆழம் எல்லாம் இரண்டடி. மாமரத்துக்கு மூணடி. மேல் மண்ணை ஒரு பக்கமும், அடி மண்ணை இன்னொரு பக்கமும் போடுங்க. பதினஞ்சு நாள் முன்னாடியே வெட்டிக் காயப் போட முடிஞ்சா இன்னும் நல்லது. கூலிக்கு ஆள் வைக்காம நீங்களே வெட்டுங்க. கடப்பாரையைப் பிடிச்சுக்கிட்டே கவசம் சொல்லலாம், மூச்சு வாங்கும், பரவாயில்லை.

மூணாம் நாள், உரம். நல்லா மட்கின தொழு உரம் பத்து கிலோ, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோ, மேல் மண்ணோட கலந்து குழியை நிரப்புங்க. பச்சைச் சாணியை அப்படியே போடாதீங்க. கரையானும் புழுவும் வரும்.

நாலாம் நாள், கன்று வாங்கப் போங்க. அரசு தோட்டக்கலைப் பண்ணையிலயும் கிடைக்கும், நம்பிக்கையான நர்சரியிலயும் வாங்கலாம். மாவுக்கு ஒட்டுக்கன்று, கொய்யாவுக்குப் பதியன் கேளுங்க. உயரமா இருக்குன்னு மயங்காதீங்க. தண்டு திடமா, இலை பச்சையா, ஒட்டுக் கட்டின இடம் நல்லாச் சேர்ந்து இருக்கணும்.

ஐந்தாம் நாள், சும்மா இருங்க. குழியில மண் மழைக்கு ஊறி அமரட்டும். மழை இல்லைன்னா இரண்டு குடம் தண்ணி ஊத்துங்க. கன்றைக் கொல்லையிலயே நிழல்ல வைங்க. அன்னைக்கு வேண்டுதலை யோசிங்க. முதல் பழம் யாருக்குன்னு ஒரு பேரை மனசுல எடுங்க. அஞ்சு நாள்ல கஷ்டமான வேலை இதுதான்.

ஆறாம் நாள், சூரசம்ஹாரம் அன்னைக்குச் சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு நடுங்க. கறுப்புப் பையை முழுசாக் கிழிச்சு எடுத்துடுங்க. நிறைய பேர் பையோடவே புதைச்சுடுறாங்க, வேர் உள்ளேயே சுத்திச் சுத்திக் கன்று செத்துப் போகும். வேர் மண் உடையாமப் பார்த்துக்கங்க. ஒட்டுக் கட்டின இடம் மண்ணுக்கு மேல தெரியணும். ஒரு குச்சி நட்டு, பழைய வேட்டித் துணியால தளர்வாக் கட்டுங்க. தண்டைச் சுத்தி மண்ணைக் கொஞ்சம் மேடா அணைச்சு, தண்ணி தேங்காம வடிய வழி விடுங்க. ஆடு மாடு வர்ற இடம்னா வேலி போடுங்க. ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி, "சரவணபவ" சொல்லி, அந்தப் பேரையும் சொல்லுங்க. அவ்வளவுதான் பூஜை.

மழை நின்ன பிறகு, தை மாசத்திலிருந்து வாரம் இரண்டு தடவை தண்ணி வேணும். அடியில சருகு போட்டு மூடி வைங்க, ஈரம் நிக்கும். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தா கிள்ளிடுங்க, அது வேர்ச்செடியோட துளிர். மாமரம் நட்டவங்க இன்னொண்ணும் செய்யணும். முதல் இரண்டு மூணு வருஷம் பூ வந்தா அதையும் கிள்ளி விடணும். ஆசையா வளர்த்த கன்றில் வந்த முதல் பூவைக் கிள்ளும்போது மனசு அடிச்சுக்கும். ஆனா அந்த வயசுல காய்ச்சா மரம் வளராது. ஆறு நாள் சோறு இல்லாம இருந்துடலாம், இந்த விரதம் அதைவிடக் கஷ்டம்.

வழக்கமா வர்ற மூணு கேள்விக்குப் பதில் சொல்லிடுறேன்.

"அண்ணா, நான் வாடகை வீட்டுல இருக்கேன்." ஊர்ல அம்மா அப்பா இருக்கிற வீட்டுல நடுங்க. லீவுல போய் நட்டுட்டு வந்து, தினமும் போன்ல "கன்று எப்படிம்மா இருக்கு?"னு கேளுங்க. அம்மாவுக்கும் ஒரு பேச்சு கிடைச்ச மாதிரி இருக்கும். அதுவும் முடியலைன்னா, அடியில ஓட்டை போட்ட பெரிய டிரம்மில் எலுமிச்சையோ மாதுளையோ மாடியில வைக்கலாம். வீட்டு ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. நாளைக்கு வீடு காலி பண்ணினா மரம் அடுத்தவங்களுக்குப் போயிடுமேன்னு தயங்காதீங்க. சோலைமலையில அந்தக் கொட்டையைப் போட்ட பறவையும் திரும்பி வந்து கணக்குப் பார்க்கல.

"மரம் நட்டா எனக்கு வேலை கிடைக்குமா, கல்யாணம் ஆகுமா?" தங்கச்சி, தம்பி, நான் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். முருகன்கிட்ட நாம போடுறது வியாபாரக் கணக்கு இல்லை. உங்க வேண்டுதலை அவன்கிட்ட சொல்லுங்க, அழுதுகூடச் சொல்லுங்க. மூணு வருஷமா சஷ்டி இருந்தும் நடக்கலையேன்னு கலங்கி எழுதுறவங்களை நினைச்சுத்தான் சொல்றேன். காத்துக்கிட்டு இருக்கிற காலத்துல கைக்கு ஒரு வேலை வேணும். தினமும் ஒரு குடம் தண்ணி ஊத்துறவனுக்கு, கண்ணுக்குத் தெரியாம ஏதோ ஒண்ணு வளர்ந்துக்கிட்டு இருக்குங்கிற நம்பிக்கை தானா வரும்.

"பேசாத ஆள் பழத்தை வாங்கலைன்னா?" வாங்க மாட்டாங்கன்னே வெச்சுக்குவோம். கிண்ணத்தைத் திரும்ப எடுத்துட்டு வந்து, அடுத்த பறிப்புல மறுபடி வைங்க. மரம் ஒரு தடவை காய்ச்சுட்டு நின்னுடாது இல்லையா? ஒரே பழம்னா ஒரு தடவையோட கதை முடிஞ்சுடும். மரம் வருஷா வருஷம் நமக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கும். அதனாலதான் பழம் வாங்கிக் கொடுங்கன்னு சொல்லாம, மரம் நடுங்கன்னு சொல்றேன்.

ஏழாம் நாள் திருக்கல்யாணம் முடிஞ்சு விரதம் விடும்போது, உங்க கன்றை ஒரு போட்டோ எடுத்து நம்ம குரூப்புல போடுங்க. உங்க முகம் வேண்டாம், கன்று மட்டும் போதும். முதல் பழம் யாருக்குன்னும் போட வேண்டாம், அது உங்களுக்கும் முருகனுக்கும் தெரிஞ்சா போதும். இந்தப் பதிவைப் பத்துப் பேருக்கு அனுப்பினா நல்லது நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன். கொல்லையில இடம் இருக்கிற ஒருத்தருக்கு அனுப்புங்க.

எல்லார் வீட்டு மரமும் காய்க்கட்டும். எல்லாச் சுவர் மேலயும் ஒரு கிண்ணம் இருக்கட்டும்.

ஓம் சரவணபவ. வேலும் மயிலும் சேவலும் துணை.

கந்தனுக்கு அரோகரா!